"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

எங்க தெருமுனையில ஒரு அக்கா இட்லிக்கடை போட்டிருந்தாங்க, திருநங்கை. பக்கத்துப் பட்டறையில வெல்டிங் வேலை பாத்த ஒரு அண்ணன் தினமும் ராத்திரி கடை எடுத்து வைக்கிற நேரத்துக்குக் கரெக்டா வந்துடுவாரு, அடுப்பை அணைக்கிறது, பெஞ்சைத் தூக்கி உள்ள போடுறது, தண்ணிக் கேனை சைக்கிள்ல கட்டுறதுன்னு எல்லாத்தையும் அவரே பாப்பாரு, அப்புறம் மிச்சம் இருக்குற சட்னியை வழிச்சுப் போட்டு ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க. ஏழு வருஷம் இப்படி. தெருவுக்கே தெரியும், ஆனா யாரும் வாய்விட்டுப் பேசினது கிடையாது. அப்புறம் அவருக்கு வீட்டுல பொண்ணு பாத்துக் கல்யாணம் வச்சாங்க. அக்காவும் வந்தாங்க, பட்டுப்புடவை கட்டிக்கிட்டு. மொய் எழுத உக்காந்திருந்த பெரியவர் நோட்டைப் பாத்துக்கிட்டே "பேரு சொல்லும்மா, மாப்பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?"னு கேட்டாரு. அக்கா கொஞ்ச நேரம் அப்படியே நின்னாங்க, அப்புறம் "இட்லிக்கடைன்னு எழுதிக்கோங்கய்யா"ன்னாங்க. இட்லிக்கடை, 501. நான் அவங்களுக்கு அடுத்த ஆளா நின்னுக்கிட்டு இருந்தேன், அந்தப் பேனா அதை எழுதுனதை என்னால இன்னைக்கு வரைக்கும் மறக்க முடியல.

இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். திருநங்கை, திருநம்பி (பொண்ணுன்னு வளர்க்கப்பட்டாலும் தன்னை ஆணா உணர்றவங்க), தன்பால் ஈர்ப்பு உள்ளவங்க காதலைப் பத்திப் பேசுறப்ப சட்டம் தடுக்குது, சமூகம் தடுக்குதுன்னு பொத்தாம்பொதுவா சொல்லிட்டுப் போயிடுறோம். எந்த இடத்துல, யாரு, எப்படித் தடுக்குறாங்கன்னு பக்கத்துல போய்ப் பாத்தா பெரும்பாலும் அங்க ஒரு மேசை இருக்கும், மேசை மேல ஒரு நோட்டோ ஃபாரமோ இருக்கும், அதுல உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கும், அந்தக் கட்டத்துல எழுதுறதுக்கு இவங்ககிட்ட மட்டும் வார்த்தை இருக்காது. மொய் டேபிள்ல ஆரம்பிச்சு போலீஸ் ஸ்டேஷன், பதிவாளர் ஆபீஸ், ஆஸ்பத்திரி, கடைசியில மார்ச்சுவரி வரைக்கும் இதே கதைதான்.

முதல்ல சட்டத்தைச் சுருக்கமா பாத்துடலாம். வெள்ளைக்காரன் 1860ல நிறைவேத்தி 1862ல அமலுக்குக் கொண்டுவந்த இந்தியத் தண்டனைச் சட்டத்துல 377ன்னு ஒரு பிரிவு, இயற்கைக்கு மாறான உறவுன்னு சொல்லி ஆயுள் தண்டனை வரைக்கும் கொடுக்கலாம்னு இருந்துச்சு. எழுத்துல அது உடலுறவைத்தான் சொல்லுச்சு, காதலைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, ஆனா பார்க்ல சேர்ந்து உக்காந்திருந்தவங்களை மிரட்டுறதுக்கும் பணம் பிடுங்குறதுக்கும் அந்த நம்பரே போதுமா இருந்துச்சு. 2014 ஏப்ரல் 15ல சுப்ரீம் கோர்ட், நால்சாங்கிற தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு போட்ட வழக்குல, ஒருத்தர் தன்னோட பாலினம் என்னன்னு தானே சொல்லிக்கிற உரிமை உண்டுன்னு தீர்ப்பு கொடுத்துச்சு, அதுக்காக ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு கேக்குறது தப்புன்னும் சொல்லுச்சு. 2018 செப்டம்பர் 6ல அஞ்சு நீதிபதிகள் சேர்ந்து, வயசுக்கு வந்தவங்க மனசு ஒத்து இருக்குறதை 377ல இருந்து எடுத்துட்டாங்க. ஆக இன்னைக்குத் தேதிக்கு இந்தியாவுல இந்தக் காதல் எதுவும் குற்றம் கிடையாது. அப்புறமும் ஏன் ஓடி ஒளிய வேண்டியிருக்கு, அதுதான் கேள்வியே.

நம்ம வாயில வர்ற வார்த்தையில இருந்தே ஆரம்பிக்குது அது. பேப்பர்காரங்க ரொம்ப காலமா ஓரினச்சேர்க்கைன்னு எழுதிக்கிட்டு இருந்தாங்க, இன்னும் சிலபேர் எழுதுறாங்க. சேர்க்கைன்னு சொன்னா என்ன ஞாபகம் வரும்? படுக்கைதான். ரெண்டு பேர் ஒருத்தர ஒருத்தர் நினைச்சு உருகுறது, சண்டை போடுறது, காய்ச்சல் வந்தா கஞ்சி வச்சுக் கொடுக்குறது எதுவுமே அந்த வார்த்தைக்குள்ள இல்ல. மெட்ராஸ் ஹைகோர்ட் சொன்னதுக்கு அப்புறம் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்ட்ல அரசிதழ்லயே ஒரு சொல் பட்டியல் போட்டுச்சு, தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் (இவங்க எல்லாரையும் சேர்த்துச் சொல்ற பொதுச்சொல்) மாதிரி வார்த்தையெல்லாம் அப்பதான் அரசாங்க வார்த்தை ஆச்சு. ஈர்ப்புன்னு சொன்னதும் அங்க மனசு வந்துடுது பாருங்க. சும்மா வார்த்தைதானேன்னு தோணலாம், ஆனா ஒரு புள்ள தன் அம்மாகிட்ட போய் விஷயத்தைச் சொல்லணும்னா வாயில வர்றதுக்கு அசிங்கமில்லாத ஒரு சொல்லு வேணுமில்ல?

இன்னொன்னு, தெருவுல திருநங்கை நடந்து போனா சின்னப்பசங்க மட்டுமில்ல பெரியவங்களே "அது வருது பாரு"ன்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. அது. அஃறிணை. ஆனா தொல்காப்பியம் சொல்லதிகாரத்துல கிளவியாக்கத்தோட ஆரம்பத்துலயே "ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி" பத்தி ஒரு நூற்பா இருக்கு, இவங்களுக்குன்னு தனி ஈறு கிடையாது, உயர்திணைக்கு இருக்குற ஈறுகளையே வாங்கிக்குவாங்க, ஆக உயர்திணைதான்னு அது சொல்லுது. அவ்வளவு பழைய இலக்கணம் உயர்திணையில வச்ச மனுஷங்களை நாம பேச்சுல அஃறிணைக்குத் தள்ளியிருக்கோம். அதுன்னு கூப்பிடப்படுற ஒரு ஆளை ஒருத்தன் "இவதான் என் பொண்டாட்டி"ன்னு ஊருக்கு முன்னாடி எப்படிச் சொல்லுவான்?

இந்த மண்ணுல திருநங்கைக்குத் தாலியே கிடையாதுன்னு நினைக்காதீங்க. இருக்கு, ஒரே ஒரு ராத்திரிக்கு. கள்ளக்குறிச்சி மாவட்டத்துல உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகம்னு ஒரு கிராமம், கூத்தாண்டவர் கோவில். சித்திரை மாசம் 18 நாள் திருவிழா. கூத்தாண்டவர்ங்கிறது அரவான், அர்ஜுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த புள்ள. வியாசர் பாரதத்துல இவன் போரோட எட்டாவது நாள் சண்டை போட்டுச் சாவான், அவ்வளவுதான், ஆனா நம்ம ஊருக் கதையில பாண்டவர் ஜெயிக்கணும்னா காளிக்கு ஒரு களப்பலி வேணும், அரவான் நான் வர்றேன்னு நிக்கிறான், சாகுறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது கல்யாணம் பண்ணி வாழணும்னு கேக்குறான். விடிஞ்சா சாகப் போறவனுக்கு எந்தப் பொண்ணு கழுத்தை நீட்டுவா? யாரும் வரல, கண்ணனே மோகினியா வந்து அவனைக் கட்டிக்கிறாரு. அந்த மோகினியாத்தான் திருநங்கைங்க எங்கெங்க இருந்தோ வந்து பூசாரி கையால மஞ்சக் கயிறு கட்டிக்கிறாங்க, ராத்திரி பூரா கும்மி, பாட்டு, ஆட்டம். மறுநாள் காலையில தேர் கிளம்பி அழுகளம் போகும், அங்க தாலியை அறுத்து, வளையலை உடைச்சு, பூவைப் பிச்சு எறிஞ்சு ஒப்பாரி வைப்பாங்க, அப்புறம் வெள்ளைப் புடவை. சுத்துப்பட்டு ஊர் ஆம்பளைங்களும் வேண்டுதலுக்காக அங்க தாலி கட்டிக்கிறது உண்டு, அதை ஊர் தப்பா பாக்குறதில்ல.

அக்கா ரெண்டு தடவை போயிருக்காங்க. தாலி கட்டுன ராத்திரி தூங்கவே இல்லையாம், கழுத்துல கை வச்சு வச்சுக் கயிறு இருக்கான்னு பாத்துக்கிட்டே இருந்தாங்களாம், அந்தக் கயித்துல இருந்த மஞ்சள் வேர்வைல கரைஞ்சு ஜாக்கெட் கழுத்துல ஒட்டிக்கிச்சு, அந்த ஜாக்கெட்டைத் துவைக்காம வச்சிருந்தேன்னு சொன்னாங்க. காலையில அழுத அழுகை அரவானுக்கா உனக்கான்னு கேட்டேன். பதில் சொல்லல. அங்க அழுவுற அழுகையில பாதி கட்டிக்கிட்ட சாமிக்கு, மீதி விட்டுட்டுப் போன மனுஷனுக்குன்னுதான் எனக்குத் தோணுது. அந்த மனுஷனுக்காக வெளியில எங்கயும் அழ முடியாது, புருஷன்னு ஊர் ஒத்துக்காத ஒருத்தனுக்காக எப்படி ஒப்பாரி வைக்கிறது, அதுக்கு வருஷத்துல ஒரு காலைப் பொழுதும் ஒரு பொட்டலும்தான் கிடைக்குது.

இந்தக் கதையில யாரும் கண்டுக்காத ஆளு அந்த வெல்டிங் அண்ணன். திருநங்கைங்களைப் பத்தி நல்லதா கெட்டதா ஏதோ ஒண்ணு பேசுறோம், அவங்களைக் காதலிக்கிற ஆம்பளையைப் பத்தி எங்கயும் பேச்சே கிடையாது. அவங்க வட்டத்துக்குள்ள பந்தின்னு ஒரு சொல் உண்டு, வெளியில அவருக்குப் பேரே இல்ல. வீட்டுல தெரிஞ்சா மொதல்ல வர்ற பேச்சு "அவ மருந்து வச்சுட்டா", அப்புறம் மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க, அப்புறம் அவசரமா ஒரு பொண்ணு. கூட வேலை பாக்குறவன் ஆம்பளைத்தனத்தையே சந்தேகப்படுவான். அதனால அவரு ராத்திரியில மட்டும் வர்ற மனுஷனா ஆயிடுறாரு. சிலபேர் உண்மையிலயே பிரியமா இருந்துட்டுப் பயந்து போயிடுறாங்க, சிலபேர் காசுக்காகவே ஒட்டிக்கிட்டு இருந்துட்டு நகையையும் தூக்கிட்டுப் போயிடுறாங்க, ரெண்டுமே நடக்குது. ரெண்டுலயும் கேக்குறதுக்கு ஆள் இல்ல, ஏன்னா அப்படி ஒரு உறவே இருந்ததா கணக்கு இல்ல. இதுல இன்னொரு ஆளையும் மறந்துடக்கூடாது, அந்த அவசரக் கல்யாணத்துல மணவறையில உக்கார வைக்கப்பட்ட பொண்ணு. அவளுக்கு எதுவும் தெரியாது, அவ வாழ்க்கையையும் சேர்த்துத்தான் எல்லாரும் மௌனமா அடகு வைக்கிறாங்க.

இப்படி ஒளிஞ்சு போகாம நேரா நின்ன ஒரு ஜோடியும் உண்டு, தூத்துக்குடியில. 2018 அக்டோபர் 31ல ஒரு கோவில்ல ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. பதிவு பண்ணப் போனா முடியாதுன்னுட்டாங்க. ஹிந்து திருமணச் சட்டத்துல மணமகள்னு ஒரு வார்த்தை இருக்கு, அது இவங்களைக் குறிக்காதுங்கிறதுதான் அரசாங்கத் தரப்பு வாதம். மதுரை கிளையில நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22ல தீர்ப்பு சொன்னாரு, மணமகள்ங்கிற சொல்லுக்கு எந்தக் காலத்துக்கும் மாறாத ஒரே அர்த்தம் கிடையாது, தன்னைப் பெண்ணா உணர்ற திருநங்கையும் அதுல வருவாங்க, பதிவு பண்ணிக் கொடுங்கன்னு. அதே தீர்ப்புலதான் இடைப்பாலினமா, அதாவது உடம்பை வச்சு ஆணா பெண்ணான்னு திட்டமா பிரிக்க முடியாம, பிறக்குற குழந்தைங்களுக்கு அவசியமில்லாம ஆபரேஷன் பண்றதைத் தடுக்கச் சொன்னாரு, தமிழ்நாடு அதே வருஷம் அரசாணையும் போட்டுச்சு. ஒரு ஜோடி கவுன்டர்ல இருந்து திரும்பிப் போகாம கோர்ட்டுக்குப் போனதுல எங்கயோ பிறக்கப்போற குழந்தைங்க வரைக்கும் பாதுகாப்பு கிடைச்சிருக்கு, இதை நினைக்கிறப்பல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்குது.

2023 அக்டோபர் 17ல சுப்ரீம் கோர்ட் தன்பாலினத் திருமணத்தை ஏத்துக்க மறுத்தப்பகூட இந்த ஒரு விஷயத்துல அஞ்சு நீதிபதிகளும் ஒண்ணா நின்னாங்க, திருநங்கை ஒரு ஆணையும் திருநம்பி ஒரு பெண்ணையும் இப்ப இருக்குற சட்டத்துலயே கல்யாணம் பண்ணிக்கலாம்னு. ஆனா நடைமுறையில என்ன கேப்பாங்க தெரியுமா, கார்டு. திருநர் (திருநங்கை, திருநம்பி எல்லாரும்) உரிமைப் பாதுகாப்புக்குன்னு 2019ல சட்டம் வந்தப்ப ரெண்டு படி வச்சாங்க, மொதல்ல கலெக்டர்கிட்ட திருநர்னு ஒரு சான்றிதழ், அப்புறம் ஆபரேஷன் பண்ணிட்டு அதுக்கான மருத்துவமனைச் சான்றோட போனா ஆண் இல்ல பெண்ணுன்னு திருத்தின சான்றிதழ். 2014ல ஆபரேஷன் கேக்கக்கூடாதுன்னு சொன்ன நாட்டுல அஞ்சு வருஷம் கழிச்சு வந்த சட்டம் பொண்ணுன்னு எழுதணும்னா ஆபரேஷன் பேப்பர் கொண்டான்னு நின்னுச்சு. காதலிக்கிறவங்க யாரும் அதுக்கு முன்னாடி சர்ஜரி வார்டுக்குப் போயிட்டு வர்றதில்ல, இவங்க மட்டும் போகணும்.

திருநம்பிங்க, ரெண்டு பொண்ணுங்க விஷயத்துக்கு வந்தா மேசை மாறும். அது போலீஸ் ஸ்டேஷன் மேசை. ஊர்க்கண்ணுக்கு அங்க இருக்குறது ரெண்டு பொண்ணுங்கதான், ஒருத்தர் திருநம்பியா இருந்தாலும். ரெண்டு பேரும் வீட்டை விட்டுக் கிளம்புறாங்க. அன்னைக்கு சாயங்காலமே பெத்தவங்க பெண் காணவில்லைன்னு புகார் கொடுப்பாங்க, எஃப்ஐஆர் போட்டதும் செல்போன் டவரை வச்சு ஆளைப் பிடிச்சுடுவாங்க, வேற மாநிலத்துல இருந்தாலும் போய்க் கூட்டிட்டு வருவாங்க. வயசு 18 தாண்டியாச்சு, காணாம போகல, தானா வந்திருக்கோம்னு சொன்னா அத்தோட கேஸ் முடிஞ்சுடணும், சட்டப்படி அவ்வளவுதான். ஆனா அங்க ஒரு பெஞ்சுல அம்மா மயங்கி விழுவாங்க, மாமா மிரட்டுவாரு, "புத்தி சொல்லி அனுப்புறோம்"னு எழுதி வாங்கிட்டுப் பொண்ணை வீட்டோட அனுப்பிடுவாங்க. வீட்டுக்குப் போனதும் போன் போயிடும், சர்டிபிகேட் பீரோவுக்குள்ள போயிடும், அடி, சாமியாடி, டாக்டர், மூணு வாரத்துல கல்யாணம். சாதி மாறிக் காதலிச்ச பிள்ளைகளைப் பிரிக்கிறதுக்கு வருஷக்கணக்கா பழகி வச்சிருக்குற அதே ரூட்டுதான் இது, காணவில்லை புகார்ல ஆரம்பிச்சு அவசரக் கல்யாணத்துல முடியிற வரைக்கும் ஒரு படிகூட மாறல. ஒரே ஒரு வித்தியாசம், சாதி மறுப்பு ஜோடிக்கு ஓடிப்போய்ப் பதிவுத் திருமணம் பண்ணிட்டு ஸ்டேஷன்ல நீட்டுறதுக்கு ஒரு பேப்பராவது கிடைக்கும்.

2021ல மதுரையில இருந்து சென்னைக்கு வந்த ரெண்டு பொண்ணுங்க வழக்கு இந்த விஷயத்துல முக்கியம். ரெண்டு வீட்டுலயும் காணவில்லை புகார், ரெண்டு எஃப்ஐஆர். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன்னாடி வந்துச்சு. அவரு இதைப் பத்தித் தனக்கே முன்முடிவுகள் இருக்கு, முழுசா புரியலன்னு வெளிப்படையா சொல்லிட்டு ஒரு உளவியல் நிபுணர்கிட்ட போய் உக்காந்து கத்துக்கிட்டு வந்தாரு, ஒரு நீதிபதி இதை உத்தரவுலயே எழுதி வைக்கிறதுக்கு எவ்வளவு மனசு வேணும்! பெத்தவங்களையும் தனியா பேச வச்சாங்க. தங்க பொண்ணு இன்னொரு பொண்ணோட வாழ்றதைவிடக் கடைசி வரைக்கும் தனியா கன்னியாவே இருந்துட்டா அதுல கௌரவம் இருக்குன்னு அவங்க நினைச்சது அந்த வழக்குல பதிவாயிருக்கு. இதைப் படிச்சப்ப எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் வந்துச்சு. அவங்க கெட்டவங்க இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்க என்ன கேப்பாங்கன்ற பயம், புள்ளையோட சந்தோஷத்தைவிடப் பெருசா வளர்ந்து நிக்குது.

2021 ஜூன் 7ல வந்த உத்தரவுல போலீசுக்குத் தெளிவா சொல்லிட்டாங்க, காணவில்லைன்னு புகார் வந்து விசாரிச்சா அது மேஜரான, மனசு ஒத்த பால்புதுமையர் ஜோடின்னு தெரிஞ்சா வாக்குமூலம் வாங்கிட்டுத் தொந்தரவு பண்ணாம புகாரை முடிச்சுடணும்னு. அதைத் தொடர்ந்து 2022ல தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதிகள்ல 24சின்னு புது விதியே சேத்தாங்க, இவங்களையும் இவங்களுக்காக வேலை பாக்குறவங்களையும் எந்தப் போலீஸ்காரரும் துன்புறுத்தக்கூடாதுன்னு. மாத்திக் காட்டுறேன், சரி பண்றேன்னு சொல்ற மருத்துவத்தையும் அதே வருஷம் தேசிய மருத்துவ ஆணையம் தொழில் ஒழுக்கக்கேடுன்னு மாநில கவுன்சில்களுக்கு எழுதுச்சு. இவ்வளவும் இருந்தும் 2025ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. வேலூர் பக்கம் இன்னொரு பொண்ணைக் காதலிச்ச 25 வயசுப் பொண்ணு, அவங்களைப் போலீஸ் பெத்தவங்களோட அனுப்பி வச்சுட்டாங்க, வீட்டுல அடைச்சு வச்சு அடிச்சு, சரியாகணும்னு சடங்கெல்லாம் பண்ணியிருக்காங்க. அவங்க துணை ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போட்டாங்க. அந்த மனுவுல தன்னை என்னன்னு எழுதியிருந்தாங்க தெரியுமா? நெருங்கிய தோழி. போலீசுக்குக் கொடுத்த புகார்லயும் அதேதான். உயிருக்கு உயிரானவங்களை மீட்டுக் கொடுங்கன்னு கோர்ட்டு வாசல்ல நிக்கிறப்பகூட உறவைச் சொல்ல முடியல. அக்கா சொன்ன இட்லிக்கடைதான் இங்க தோழி ஆச்சு.

நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அதைக் கவனிச்சு, அந்தத் தயக்கம் எங்களுக்குப் புரியுதுன்னு தீர்ப்புல எழுதினாங்க. 2025 மே 22. கல்யாணம் ஒண்ணுதான் குடும்பம் ஆகுறதுக்கு வழின்னு இல்ல, தானா தேர்ந்தெடுத்துக்கிட்ட குடும்பம்ங்கிறதும் சட்டத்துல நிலைச்சுப்போன ஒண்ணுதான்னு சொல்லி அந்தப் பொண்ணை அவங்க விருப்பப்படி துணையோட அனுப்பி வச்சாங்க. பெத்த பையனோட தன்பாலீர்ப்பை ஏத்துக்கிட்ட நீதிபதி லைலா சேத் மாதிரி எல்லா அம்மாவும் இருக்க மாட்டாங்கன்னும் அதுல எழுதியிருக்காங்க, அந்தப் பொண்ணோட அம்மாவைத் திட்டாம.

தேர்ந்தெடுத்துக்கிட்ட குடும்பம்ங்கிறது கோர்ட்டுக்குப் புதுசா இருக்கலாம், திருநங்கைங்களுக்குப் புதுசு கிடையாது. வீடு துரத்துனதும் ஜமாத்துல, அதாவது திருநங்கைங்க தங்களுக்குள்ள வச்சிருக்குற கூட்டத்துல, ஒரு அம்மா கிடைக்கிறாங்க, அவங்களுக்கு ஒரு அம்மா இருந்தா அவங்க நானி, கூட மகளானவங்க அக்கா தங்கச்சி. என்ன வேணும்னு கேட்டா சொல்றதுக்கு முறை வேணும்னு அவங்களே உறவுமுறையை உண்டாக்கி வச்சிருக்காங்க, செத்தா எடுத்துப் போடுறது வரைக்கும் அந்த முறைதான் ஓடி வருது. அரசாங்கக் காகிதத்துக்குத்தான் அது தெரியாது. இப்ப கொஞ்சம் கொஞ்சமா மாறுது. 2024ல மத்திய அரசு, பால்புதுமையர் ஜோடிங்க ஜாயின்ட் அக்கவுன்ட் தொடங்கவோ துணையை நாமினியா போடவோ எந்தத் தடையும் இல்லைன்னு சொல்லுச்சு, ரேஷன்ல ஒரே வீடாக் கணக்கெடுக்கச் சொல்லுச்சு, சொந்தக்காரங்க யாரும் வரலன்னா உடலைத் துணைகிட்ட கொடுக்கலாம்னும் சொல்லுச்சு. சொந்தக்காரங்க வந்துட்டா? இருபது வருஷம் எட்டிப் பாக்காத அண்ணன் மார்ச்சுவரிக்கு வந்து நின்னா அவருக்குத்தான் உரிமை, கூட வாழ்ந்தவங்க வெளிய மரத்தடியில நிக்கணும்.

சட்டத்துல இன்னொரு பெரிய ஓட்டையும் இருக்கு. 2024 ஜூலை 1ல இருந்து வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல கல்யாணம் பண்றேன்னு ஏமாத்தி உறவு வச்சா 69ஆவது பிரிவுல 10 வருஷம் வரைக்கும் தண்டனை, ஆனா ஏமாந்தவங்க பெண்ணா இருக்கணும். ஹிமாச்சல்ல ஒரு திருநங்கை கொடுத்த புகார்ல ஜாமீன் விசாரணை கட்டத்துலயே இந்தப் பிரிவு பொருந்தாதுன்னு ஹைகோர்ட் சொல்லிடுச்சு. 2025 ஜூன்ல ஆந்திரா ஹைகோர்ட் இன்னொரு வழக்குல திருநங்கையும் பெண்தான், கணவன் வீட்டுக் கொடுமைக்கான பிரிவுல புகார் கொடுக்க முடியும்னு சொல்லுது. ஒரு மாநிலத்துல பொண்டாட்டி, இன்னொரு மாநிலத்துல பொண்ணே இல்ல. 2019 சட்டம் வந்தப்ப திருநர் மேல நடக்குற பாலியல் கொடுமைக்கு 6 மாசத்துல இருந்து 2 வருஷம்தான்னு வச்சாங்க, பெண்ணை வன்புணர்வு பண்ணா குறைஞ்சதே 10 வருஷம். அந்த வித்தியாசத்தை எவ்வளவு யோசிச்சாலும் என்னால ஜீரணிக்க முடியல.

இதைப் படிக்கிறவங்கள்ல யாராவது இன்னைக்கு வீட்டை விட்டுக் கிளம்புற நிலைமையில இருந்தீங்கன்னா சில விஷயம் சொல்றேன். பத்தாவது மார்க் ஷீட் ஒரிஜினல், ஆதார் ரெண்டையும் கையில வச்சுக்கோங்க, வயசுக்கு அதுதான் ஆதாரம். நான் மேஜர், என் விருப்பத்துல வர்றேன், யாரும் கடத்தலன்னு சொந்தக் கையெழுத்துல எழுதி எஸ்பி ஆபீசுக்கு ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்பிட்டு ஒரு காப்பியை நம்பிக்கையான ஆள்கிட்ட கொடுங்க. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டா 2021 உத்தரவையும் 24சி விதியையும் சொல்லுங்க, வாக்குமூலம் கொடுங்க, பெத்தவங்களோட போறேன்னு மட்டும் எழுதிக் கொடுத்துடாதீங்க. இலவச சட்ட உதவிக்கு 15100. மனநல சிகிச்சைன்னு வலுக்கட்டாயமா கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு பயமிருந்தா, 2017 மனநலச் சட்டப்படி உங்க சார்பா பேசறதுக்குச் சம்மதிக்கிற, மேஜரான யாரை வேணாலும் பிரதிநிதியா வெள்ளைப் பேப்பர்லயே எழுதி வைக்கலாம், ரத்த சொந்தமா இருக்கணும்னு இல்ல. சேர்ந்து வாழ்ந்துக்கிட்டு இருக்கீங்கன்னா உயில் எழுதுங்க, ரெண்டு சாட்சி கையெழுத்து போதும், பதிவு கட்டாயம் இல்ல.

அக்கா போன வருஷம் பேங்க்ல நாமினி ஃபாரம் கொடுக்கப் போனாங்க, நானும் கூடப் போனேன். ஜமாத்துல அவங்க மகளா ஏத்துக்கிட்ட பொண்ணு பேரை எழுதினாங்க. உறவுமுறை கட்டத்துக்கு வந்ததும் பேனாவை வச்சுட்டு என்னைப் பாத்தாங்க, நான் ஒண்ணும் சொல்லல. மகள்னு எழுதினாங்க. கவுன்டர்ல இருந்த பொண்ணு ஃபாரத்தை ஒரு தடவை மேலிருந்து கீழ பாத்துச்சு, "அம்மா, மகளோட பிறந்த தேதி விட்டுட்டீங்க"ன்னு திருப்பிக் கொடுத்துச்சு.